படிக்காமல் விட்ட வரி

கெடுங்வாரு
14 அக்டோபர் 1983

மதிப்பிற்குரிய கணவர் பர்ஜியோ அவர்களுக்கு,

மனைவி சமிந்தென் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் நான் நலம். தாங்களும் கலிமந்தானில் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். கப்பல் ஏறும் முன் தாங்கள் போட்ட அஞ்சல் அட்டை கிடைத்தது.

அரசு கடல் கடந்து கலிமந்தானுக்கு அனுப்பும் குடியேற்றக்காரர்களை ஏற்றிய லாரி வட்டார அலுவலகத்தில் நின்று, பெயர் கூப்பிட்டபோது நான் இறங்கிவிட்டதைப் பற்றி ஊரில் பலரும் பலவிதமாகப் பேசுகிறார்கள். பதினொரு கிலோமீட்டர் நடந்து வீடு வந்து சேர்ந்தேன். காலுக்கு ஒன்றுமில்லை.

மலைச்சரிவில் என் தந்தை எனக்கு விட்டுச்சென்ற, படிப்படியாக வெட்டிய ஏழு படி நிலத்தையும் தாங்கள் தங்கள் அண்ணன் சர்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தீர்கள். நான் வந்தபோது அவர் மேல் இரண்டு படிகளைக் கொத்திக்கொண்டிருந்தார். நான் வரப்பில் போய் நின்றேன். சிறிது நேரம் கழித்து அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இப்போது நானே கொத்துகிறேன். மழை இன்னும் வரவில்லை. குளம் வற்றிவிட்டது. தண்ணீருக்கு மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது.

தங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
சமிந்தென் (பெருவிரல் ரேகை)

பர்ஜியோ, இது தர்மோ. கடிதத்தை எழுதியது நான்தான் என்பது கையெழுத்திலேயே உனக்குத் தெரிந்திருக்கும். உன் மனைவி சொன்னதில் பாதியைத்தான் எழுதினேன். மீதியையும் எழுதியிருந்தால் தாள் தீப்பிடித்திருக்கும். நீ கொஞ்சம் தணிந்து பதில் எழுது.


குடியிருப்பு நான்கு, மத்திய கலிமந்தான்
8 ஜனவரி 1984

சமிந்தென்,

இந்தக் கடிதத்தை தர்மோ ஐயா தன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்துதான் உனக்குப் படித்துக் காட்டுவார். சுற்றிலும் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் ஊருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன்.

வீடு பலகை வீடு. எண் நூற்றுப் பதினேழு. தகரக் கூரை. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லாததால் அது பிரச்சினையில்லை. மண் கறுப்பு. நம் ஊரில் மண்வெட்டி போட்டால் கல்லில் பட்டுப் பொறி பறக்கும். இங்கே போட்டால் கால் முழங்கால் வரை உள்ளே போகிறது. ஒரு கல் கூட இல்லை. பல்லி மேல் எறியக் கூட ஒரு கல் கிடைக்காது. ஓடைத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கிறது, குடித்தால் புளிக்கிறது. நிலம் முழுக்க வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகள். ஒரு கட்டையைத் தோண்டியெடுக்க மூன்று நாள் ஆகிறது.

பட்டியலில் இரண்டு பேர் என்று இருப்பதால் அரிசியும் கருவாடும் இரண்டு பேருக்குக் கொடுக்கிறார்கள். அலுவலர் ஒவ்வொரு மாதமும் "வீட்டம்மா எங்கே?" என்று கேட்கிறார். அவளுக்கு உடம்பு சரியில்லை, அடுத்த கப்பலில் வருகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் என்று தோன்றிவிட்டது.

ஒன்று சொல்லவேண்டும். யார் கேட்டாலும் கேட்கட்டும். உரத்துக்கான தாள் என்று சொல்லி குடியேற்றத் தாளில் உன் பெருவிரல் ரேகையை வாங்கினது தப்பு. தர்மோ ஐயாவும் அப்போது பக்கத்தில்தான் இருந்தார், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரை விடு, செய்தது நான். என்னை மன்னித்துவிடு. மன்னிக்க முடியாவிட்டால் அதையாவது சொல்லி எழுது.

பர்ஜியோ


கெடுங்வாரு
2 மார்ச் 1984

மதிப்பிற்குரிய கணவருக்கு,

தங்கள் கடிதத்தைக் கேட்டேன். வீடு கிடைத்தது பற்றி மகிழ்ச்சி. இங்கே மேட்டு நெல் கதிர் வைத்திருக்கிறது. குரங்குகள் பாறையிலிருந்து இறங்கி வந்து மேல் படியில் பாதியைத் தின்றுவிட்டன. மரவள்ளி நன்றாக இருக்கிறது. பொதுவேலைக்கு நம் வீட்டிலிருந்து ஆண் ஆள் வராததால் நானே போய்க் கல் சுமந்தேன். ஆட்டுக் குட்டிகளில் ஒன்று செத்துவிட்டது.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
சமிந்தென் (பெருவிரல் ரேகை)


குடியிருப்பு நான்கு
19 ஜூன் 1984

சமிந்தென்,

ஆட்டுக் குட்டி செத்ததை எழுதியிருக்கிறாய். குரங்கு தின்றதை எழுதியிருக்கிறாய். நான் மன்னிப்புக் கேட்டேனே, அதற்கு ஒரு சொல் இல்லை. இல்லை என்றாவது எழுதியிருக்கலாம். பத்துப் பேர் முன்னால் என்னையே நான் கீழே இறக்கிக் கேட்டேன். உன் நெஞ்சும் அந்த ஊர்ப் பாறை மாதிரிதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரலில் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. பதினேழு நாள். மூன்றாம் நாள் எழுந்து கதவைத் திறக்கக் கூட முடியவில்லை. அடுத்த வீட்டு கார்த்தோதான் பலகையை உடைத்து உள்ளே வந்தான். அவன் மனைவி ருமியாத்தி தினமும் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். தன் பிள்ளைகளுக்கு ஊட்டிய கையோடு எனக்கும் ஊட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

முதல் நெல் மஞ்சளாகி நின்றுவிட்டது. மண்ணில் புளிப்பு அதிகமாம். சாம்பல் போடச் சொல்கிறார்கள். போடுகிறேன்.

அலுவலர் இப்போது வேறு பேச்சுப் பேசுகிறார். இந்த இடம் குடும்பத்துக்குத்தானாம், தனி ஆளுக்கு இல்லையாம். அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் பார்ப்பாராம்.

மன்னிப்பை இரண்டாம் தடவையும் கேட்கிறேன். மூன்றாம் தடவை கேட்கமாட்டேன்.

பர்ஜியோ


கெடுங்வாரு
25 நவம்பர் 1984

காங்,

இதை நானே எழுதுறேன், அதான் வீட்டுல உங்களைக் கூப்பிடுற மாதிரியே காங்னு போட்டிருக்கேன். வரி மேலயும் கீழயும் போகும். பிழை இருக்கும். பொறுத்துக்கங்க.

ஜூன்ல இருந்து பள்ளிக்கூடத்துல சாயங்காலம் பெரியவங்களுக்கு வகுப்பு நடக்குது. எண்டாங் டீச்சர் சொல்லிக் கொடுக்குறாங்க. பதினாலு பொம்பளைங்க சேர்ந்தோம். மரவள்ளி பிடுங்குற காலம் வந்ததும் ஒம்போது பேர் நின்னுட்டாங்க. பக்கத்து வீட்டு போனிரா நிக்கல, ஆனா உக்காந்துக்கிட்டே தூங்குவா. நான் படிப்பு மேல ஆசைப்பட்டுப் போகல. வீட்டுக்குப் போனா ஆட்டைத் தவிர பேச ஆள் கிடையாது. அதுக்குத்தான் போனேன். எழுத்து தானா வந்துச்சு.

மொதல்ல படிச்சது உர மூட்டை மேல இருந்ததை. அப்புறம் உப்புப் பொட்டலம். அப்புறம் உங்க ரெண்டு கடிதத்தையும் அரிசிப் பானைக்குள்ள இருந்து எடுத்தேன். மொதல் கடிதம் முடிக்க மூணு நாள் ஆச்சு. தர்மோ ஐயா படிச்சுக் காட்டினது எனக்கு மனப்பாடம். அதனால எந்த வார்த்தை எங்க வரும்னு முன்கூட்டியே தெரியும். கடைசியில மட்டும் கணக்கு ஒத்து வரல. எனக்குத் தெரியாத வரிங்க நிறைய இருந்துச்சு. நமக்குத்தான் சரியா படிக்க வரலன்னு நினைச்சு டீச்சர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவங்க படிச்சுட்டு என் முகத்தைப் பார்த்தாங்க. "நீ படிச்சது சரிதான்"னாங்க.

மறுநாள் காலையில தர்மோ ஐயா வீட்டுக்குப் போனேன். புறாவுக்குத் தினை போட்டுக்கிட்டு இருந்தார்.

"ஐயா, இதை இன்னொரு தடவை படிச்சுக் காட்டுங்க"ன்னேன்.

கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் படிச்சார். நான் அவர் முதுகுக்குப் பின்னால நின்னு கூடவே பார்த்துக்கிட்டு வந்தேன். அந்த இடம் வந்ததும் நேரா உங்க பேருக்குத் தாண்டிட்டார்.

"ஐயா, கொஞ்சம் விட்டுட்டீங்க."

அவர் திரும்பல. "உனக்கு எப்பம்மா எழுத்து தெரிஞ்சுது?"

"முந்தாநாள்."

இன்னொரு பிடி தினையை எடுத்துப் புறாவுக்குப் போட்டார். "முற்றம் நிறைய ஆள் இருந்தாங்க. என் பேரும் அதுல இருக்கு. எப்படிப் படிக்கச் சொல்ற?"

"எல்லாரும் போனப்புறம் படிச்சிருக்கலாமே."

"படிச்சிருக்கலாம்"னார்.

வயசானவர், கடிதத்தை மடிச்சு என் கையில கொடுத்தார். திட்டணும்னு ஒரு வழி முழுக்கச் சேர்த்து வச்சுக்கிட்டுப் போனேன், கடிதத்தை மட்டும் வாங்கிக்கிட்டுத் திரும்பிட்டேன். ரெண்டாவது கடிதத்துலயும் அதே மாதிரி விட்டிருக்கார். உங்களுக்கு நான் சொன்னதையும் அவர் எழுதல. "பெருவிரல் விஷயத்துக்கு ஒரு வார்த்தை கூடவா கிடையாது, நீயெல்லாம் மனுஷனா"ன்னு எழுதச் சொன்னேன். அவர் ஆட்டுக் குட்டியை எழுதியிருக்கார்.

நீங்க கேட்டுட்டு பதிலுக்கு அங்க உக்காந்து இருந்திருக்கீங்க. நீங்க கேக்கவே இல்லன்னு நான் இங்க உக்காந்து இருந்தேன். ஒரு வருஷம் போயிடுச்சு.

லாரியில இருந்து ஏன் இறங்கினேன்னு ஊர்ல எல்லாரும் கேட்டாங்க, நீங்க கேக்கல. சொல்றேன். போகவேகூடாதுன்னு எனக்கு இல்ல. "வா, போகலாம்"னு கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். நீங்க "உன் ரேகை விழுந்தாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது"ன்னீங்க. ஒரு வாரமா அந்த வார்த்தைதான் காதுல. அலுவலகத்துல அந்த ஆள் "பர்ஜியோ, அப்புறம் மனைவி ஒண்ணு"ன்னு எண்ணினான். வெத்தலைக் கட்டு எண்ணுற மாதிரி. கால் தானா கீழ வந்துடுச்சு.

மன்னிச்சாச்சான்னு கேட்டா எனக்குத் தெரியல. கோபம் ஒரு வருஷம் கூடவே இருந்துச்சு, துணை மாதிரி. இப்ப அது இல்லாம வீடு இன்னும் பெருசா இருக்கு.

காய்ச்சல் மறுபடி வந்துச்சா?

சமிந்தென்


குடியிருப்பு நான்கு
11 பிப்ரவரி 1985

சமிந்தென்,

உறையைப் பார்த்துவிட்டு யாரோ குழந்தை எழுதியதென்று நினைத்தேன். உள்ளே உன் குரல் கேட்டது. ஓடைக்கரையில் உட்கார்ந்து படித்தேன். அப்புறம் எழுந்திருக்க மனம் வரவில்லை.

இனி நீ மட்டும்தான் படிப்பாய் என்பதால் முன்பு எழுதாததை எழுதுகிறேன். உன் வீட்டு விசேஷங்களில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சமிந்தென் புருஷன்" என்பார்கள். வரப்பில் நடந்தால் உன் சித்தப்பா "எங்க அண்ணன் மண்ணு, பாத்து மிதிப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் சிரிப்பேன். பன்னிரண்டு வருஷம் சிரித்தேன். நீ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் நீயும் கூடச் சேர்ந்து சிரிப்பாய். என் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு முழம் கிடையாது, அவரைப் புதைத்த இடம் கூட ஊர்ப்பொது. இரண்டு ஹெக்டேர் உன் பேரில் என்று ஒருவன் வந்து சொன்னால் என்ன செய்வேன்? உன்னிடம் கேட்டிருந்தால் நீ மாட்டேன் என்பாய் என்று பயந்தேன். அதனால் கேட்காமலே செய்தேன்.

இங்கே ஒரு மூலையில் நெல் பச்சையாக நிற்கிறது. சாம்பல் வேலை செய்திருக்கிறது. காலையில் எழுந்ததும் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன். காட்டுப்பன்றி வராமல் இருக்கத் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன். யாரும் இல்லாத இடத்தில் டப்பா தட்டுகிறவனைப் பார்த்தால் பைத்தியம் என்பார்கள்.

கார்த்தோ போன மாதம் செத்துப்போனான். வெட்டிய மரம் எதிர்பாராத பக்கம் சாய்ந்துவிட்டது. நான்தான் கிளையை விலக்கினேன். ருமியாத்தி அழவில்லை, மண்வெட்டியை எங்கே வைத்தான் என்று கேட்டாள்.

ஒரு தடவை வந்து பார். இதை நான் கேட்கிறேன். தாள் ஏதும் இல்லை.

பர்ஜியோ


கெடுங்வாரு
20 ஏப்ரல் 1985

காங்,

வர்றேன். அறுவடை முடிஞ்சு, ஊர் விருந்து முடிஞ்சு, ஜூன் கப்பல்ல. மறுபடி விதை போடுறதுக்கு முன்னால திரும்பணும். அலுவலகத்துல கேட்டா குடியேற வந்தவன்னு சொல்லாதீங்க, பார்க்க வந்தவன்னு சொல்லுங்க.

ஆட்டை போனிரா பார்த்துக்கிறா. கீழ் ரெண்டு படியில உங்க அண்ணனைக் கடலை போட்டுக்கச் சொல்லிட்டேன். நானாதான் போய்ச் சொன்னேன். அவர் மொதல்ல நம்பல. "திரும்பி வந்து வரப்புல நிப்பியா?"ன்னார். "நிப்பேன்"னேன். சிரிச்சுட்டார். ரெண்டு வருஷத்துல மொத தடவை.

காஞ்ச மரவள்ளி மாவு ஒரு மூட்டை கொண்டுவர்றேன். வேற என்ன வேணும்னு எழுதுங்க. நான் போற வழியில போர்டெல்லாம் படிச்சுக்கிட்டே வருவேன், துணை வேண்டாம்.

சமிந்தென்


குடியிருப்பு நான்கு
20 செப்டம்பர் 1985

சமிந்தென்,

நீ நல்லபடியாக ஊர் சேர்ந்தாய் என்று தந்தி வந்தது. இரண்டு மாதம் நீ இருந்த வீடு, நீ வருவதற்கு முன்னால் இருந்ததை விட மோசமாக இருக்கிறது. நீ போட்ட அடுப்பு நன்றாக எரிகிறது. நீ வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது.

படகுத்துறையில் நான் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்திருப்பாய். "இருந்துவிடு" என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொன்னால் இறங்கிவிடுவாயோ என்று பயம். சொல்லியும் இறங்கமாட்டாயோ என்று இன்னொரு பயம். அதற்குள் படகுக்காரன் கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

நீ இங்கே இருந்தபோது தூக்கமில்லாமல் எழுந்து போய் வாசலில் உட்காருவாய். நான் பார்த்திருக்கிறேன். "மண்ணு அசையுற மாதிரி இருக்கு" என்றாய். நீ இங்கே தங்கமாட்டாய் என்று எனக்கு அப்போதே தெரியும்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஒளிக்க எதுவும் இல்லை, முழுக்கப் படி. அலுவலர் என்னையும் ருமியாத்தியையும் கூப்பிட்டார். ஆம்பிளை இல்லாத வீட்டுக்கும் இடம் இல்லை, பொம்பளை இல்லாத வீட்டுக்கும் இடம் இல்லை, இரண்டு பேரும் சேர்ந்தால் இரண்டு இடமும் நிற்கும் என்றார். மரம் அறுப்பதற்கு அளவு சொல்வதுபோல் சொன்னார். ருமியாத்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் "உங்க வீட்டம்மா நல்ல மனுஷி. அவங்களைக் கேக்காம எதுவும் வேண்டாம்" என்றாள்.

அதனால் கேட்கிறேன். விவாகரத்துக்கு நீ சம்மதித்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மனமில்லை என்றால் தாளைக் கிழித்துவிடு. நான் இந்த இடத்தை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன். இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. வருவேன்.

பர்ஜியோ


கெடுங்வாரு
3 நவம்பர் 1985

காங்,

தாளை நாலு தடவை படிச்சேன். ரெண்டாம் பக்கத்துல சின்ன எழுத்துல இருந்ததையும் படிச்சேன். புரியாத வார்த்தை மூணு. டீச்சர்கிட்ட கேட்டேன், தாளைக் காட்டல, வார்த்தையை மட்டும் தனியா எழுதிக் கேட்டேன்.

கையெழுத்துப் போட்டு இதோட வச்சிருக்கேன்.

ஏன்னு சொல்லிடுறேன், இல்லன்னா நீங்க அங்க உக்காந்து எதையாவது நினைச்சுக்கிட்டு இருப்பீங்க. நீங்க வந்துடுவீங்க, அது எனக்குத் தெரியும். வந்து மறுபடி என் சித்தப்பா முன்னால சிரிப்பீங்க. அங்க நெல்லுக்கு நடுவுல நீங்க நடக்குறதை நான் பார்த்துட்டேன். முதுகு நேரா இருந்துச்சு. பன்னெண்டு வருஷத்துல உங்களை நான் அப்படிப் பார்த்ததில்ல. அதை வளைச்சு இங்க கூட்டிட்டு வந்து நான் என்ன பண்ண?

நான் அங்க வந்தா ரெண்டு மாசம் இருந்த மாதிரிதான் இருப்பேன். உங்களுக்குச் சமைப்பேன், வாய்க்கால் வெட்டுவேன், வாசல்ல போய் உக்காருவேன். இங்க ஏழு படியிலயும் எந்தக் கல் எங்க இருக்குன்னு என் காலுக்குத் தெரியும். பிடிவாதம்னு ஊர்ல சொல்றாங்க. இருக்கட்டும்.

ருமியாத்தியோட வேலையைப் பார்த்திருக்கேன். களை எடுத்தா வேரோட எடுக்குறா. அவ சின்ன மகன் இருமுறான், ஓடைத் தண்ணியைக் காய்ச்சிக் கொடுக்கச் சொல்லுங்க. நீங்க கோபம் வந்தா பேசாம இருந்துடுவீங்க, அதை மட்டும் அவகிட்ட பண்ணாதீங்க. அது ரொம்பக் கஷ்டம்.

தாளுக்கு முத்திரை வாங்கிக்கிட்டு சமய நீதிமன்றத்துல இருந்து வந்ததும் வீட்டுக்கு வரல, நேரா வயலுக்குப் போனேன். மேல் படியில உக்காந்து கொஞ்ச நேரம் அழுதேன். குரங்கு ஒண்ணு பாறை மேல உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்துச்சு. கல்லெடுத்து எறிஞ்சேன். போகல. அப்புறம் நானும் விட்டுட்டேன்.

கடிதம் எழுதுறதை நிறுத்தணுமான்னு யோசிச்சேன். சட்டத்துல அப்படி எங்கயும் எழுதல, நான் படிச்சுட்டேன். ருமியாத்திக்கு மனசு சங்கடம்னா நிறுத்திடுங்க. இல்லன்னா நெல்லு எப்படி இருக்குன்னு மட்டும் எழுதுங்க, போதும்.

பகல்ல இதை எழுதிக்கிட்டு இருக்கும்போது போனிரா வந்து எட்டிப் பார்த்தா. அவளும் இப்ப ஒண்ணு ரெண்டு எழுத்து கூட்டிப் படிக்கிறா.

"யாருக்கு இவ்வளவு நீளமா?"ன்னா.

புருஷனுக்குன்னு சொல்ல முடியல. "தெரிஞ்சவர் ஒருத்தருக்கு"ன்னேன்.

"தெரிஞ்சவருக்கா இத்தனை பக்கம்?"

"அங்க அவருக்குப் பேச ஆள் இல்லாம ரொம்ப நாள் இருந்தார்."

"உனக்கு?"ன்னா.

மேற்கால மேகம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. மேல் மூணு படிக்கு இன்னும் விதை போடல. வித்துக் கூடையை எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

சமிந்தென்